பழைய மின்சார கோல்ஃப் கார்ட்டைக் குடும்ப வண்டியாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கோல்ஃப் கார்ட்டுகளின் தாய்வீடு ஜார்ஜியா மாநிலம்தான். இ-இசட்-கோ நிறுவனம் 1954இல் அகஸ்டாவில் தொடங்கியது. கிளப் கார் 1958இல் ஹூஸ்டனில் பிறந்து, சில ஆண்டுகளிலேயே அகஸ்டா பக்கம் குடிவந்துவிட்டது. யமஹாவின் தொழிற்சாலை நியூனனில் இருக்கிறது. அட்லாண்டாவுக்குத் தெற்கே உள்ள பீச்ட்ரீ சிட்டியில் கார்ட்டுகளுக்கென்றே 100 மைலுக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், கடை, ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் அதில்தான் போய் வருகிறார்கள். கோல்ஃப் கிளப்புகள் வண்டிகளைச் சில ஆண்டுகள் குத்தகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு, மொத்தமாகக் கழித்துவிடும். அவை டீலர் கைக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்குப் போய், கடைசியில் யாரோ ஒருவரின் கொட்டகையில் தூசு மூடிக் கிடக்கும். நாம் தேடுவது அந்தக் கொட்டகை வண்டியைத்தான்.

அப்படிப்பட்ட வண்டிக்கு வரும் விளம்பரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "நல்ல வண்டி, பேட்டரி மட்டும் மாற்றினால் போதும்." சில சமயம் அது உண்மைதான். ஆனால் பேட்டரி செத்த வண்டியை ஓட்டிப் பார்க்க முடியாது. மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், பிரேக் எதைப் பற்றியும் யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த வரியின் அர்த்தம். வாங்கியவர் ஆயிரம் டாலருக்கு மேல் கொட்டிப் புது பேட்டரி போட்ட பிறகுதான் மற்ற கோளாறுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் வேறு மாதிரி. முதலில் அடிச்சட்டம், அடுத்து பிரேக், அதற்கப்புறம் மின்சாரம். பணத்தைத் தின்னும் பேட்டரி கடைசிக்கு முந்தியது, அலங்காரம் கடைசி. எடுத்துக்காட்டாக 1990களின் பிற்பகுதியில் வந்த கிளப் காரின் டிஎஸ் என்ற 48 வோல்ட் மாடலை வைத்துக்கொள்கிறேன். ஜார்ஜியாவில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும், உதிரிப் பாகமும் எளிது. மற்ற வண்டிகள் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. என்ன வண்டி, என்ன வயது

விற்பவர் சொல்லும் ஆண்டை நம்ப வேண்டாம். வரிசை எண்ணைப் பாருங்கள். கிளப் காரில் இரண்டு ஆங்கில எழுத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 9832 என்று இருந்தால் 1998ஆம் ஆண்டு 32ஆவது வாரம். உதிரிப் பாகம் வாங்கும்போது இந்த எண் இல்லாமல் கடையில் ஒரு வேலையும் நடக்காது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வோல்ட். இருக்கையைத் தூக்கினால் பேட்டரி தெரியும். ஒரு பேட்டரியின் மேல் எத்தனை தண்ணீர் மூடிகள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு செல், ஒவ்வொரு செல்லும் 2 வோல்ட். மூன்று மூடி என்றால் 6 வோல்ட் பேட்டரி, நான்கு என்றால் 8 வோல்ட். ஆறு வோல்ட் பேட்டரி ஆறு இருந்தால் அது 36 வோல்ட் வண்டி. எட்டு வோல்ட் ஆறு இருந்தால் 48. குடும்பத்தோடு நான்கு பேர் ஏறப் போகிறீர்கள் என்றால் 48 வோல்ட் வண்டியே என் தேர்வு. அதே சுமைக்குக் குறைந்த ஆம்பியர்தான் இழுக்கும். கேபிளும் தொடர்புப் புள்ளிகளும் அவ்வளவு சூடாகாது.

பேட்டரியின் வயதையும் அங்கேயே பார்த்துவிடலாம். டிரோஜன் பேட்டரியின் ஈயத் தூணில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து மாதத்தைக் குறிக்கும், ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி. எண் ஆண்டின் கடைசி இலக்கம். ஆறும் ஒரே தேதி இல்லையென்றால், யாரோ செத்ததை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையைக் குறைத்துப் பேச இது நல்ல காரணம்.

பேரம் பேசும் கணக்கு எளிது. ஓடாத வண்டிக்கு, அந்த பேட்டரிகளின் மதிப்பை பூஜ்யம் என்று வைத்தே விலை சொல்லுங்கள். ஓடும் வண்டி அருகிலேயே ஆயிரம் டாலர் கூடுதலாகக் கிடைத்தால், பெரும்பாலும் அதுவே மலிவு.

2. அடிச்சட்டம்

டிஎஸ் வண்டியின் சட்டம் அலுமினியம். துருப்பிடிக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே பழைய கிளப் கார்களுக்கு இன்றும் மவுசு. ஆனால் பேட்டரி ஆசிட் அலுமினியத்தையும் விட்டுவைக்காது. பேட்டரித் தட்டின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி படிந்து, உலோகம் செதில் செதிலாக வந்தால் கவனியுங்கள். இ-இசட்-கோவிலும் யமஹாவிலும் சட்டம் எஃகு. அங்கே பேட்டரிக்கு நேர் கீழே ஓடும் குறுக்குச் சட்டங்களை ஒரு பழைய திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டியை விட்டு நடையைக் கட்டுங்கள். வெல்டிங் செய்யத் தெரிந்த மைத்துனர் இருந்தால் வேறு விஷயம்.

கறையும் பொடியும் மட்டும்தான் என்றால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைக்கும். நுரை நிற்கும் வரை ஊற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த நேரத்தில் பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா நீர் செல்லுக்குள் போனால் உள்ளே இருக்கும் ஆசிட்டையும் அது முறித்துவிடும். காய்ந்ததும் எஃகுச் சட்டத்துக்குத் துரு தடுக்கும் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள்.

3. பேட்டரியில் கை வைக்கும் முன்

36 வோல்ட்டும் 48 வோல்ட்டும் தொட்டால் தூக்கி அடிக்காது என்பதால் பலர் அலட்சியமாக இருப்பார்கள். ஆபத்து ஷாக்கில் இல்லை. ஒரு ஸ்பானர் தவறி இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானர் சிவந்து உருகும். சார்ஜ் ஆகும்போது வெளியாகும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். அந்த நேரத்தில் ஒரு பொறி பறந்தால் பேட்டரி முகத்தில் சிதறும்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் இருக்கையைத் தூக்க வேண்டும். தாலிக்கொடி போட்டிருப்பவர் உதவிக்கு வந்தால் அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. இந்த வேலையில் அவர் டார்ச் பிடித்தால் போதும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஸ்பானரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் நாலு சுற்று சுற்றுங்கள். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும்.

சாவியை அணைத்து, டோ/ரன் சுவிட்ச் (கட்டி இழுக்க ஒரு நிலை, ஓட்ட ஒரு நிலை) இருந்தால் அதை டோ பக்கம் தள்ளுங்கள். கேபிள்கள் எது எங்கே போகிறது என்று நாலு பக்கமும் படம் எடுங்கள். மெயின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்களில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். சாவியைப் போட்டு, முன்னால் போகும் நிலையில் பெடலை ஒரு தடவை மிதித்தால் அது வடிந்துவிடும்.

4. பழைய பேட்டரியை என்ன செய்வது

புதிது வாங்கும் வரை சோதனைக்காவது பழையது வேண்டும். அதனால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மூடியைத் திறந்து பாருங்கள். தகடுகள் தண்ணீருக்கு வெளியே நின்றால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது மட்டம் உயரும். இப்போதே நிரப்பினால் ஆசிட் வெளியே வழியும். குழாய்த் தண்ணீர் எந்தக் காலத்திலும் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் வரும். சார்ஜரைச் சொருகினால் சத்தமே இருக்காது. பேட்டரித் தொகுப்பில் ஓரளவு வோல்ட் இருந்தால்தான் தானியங்கி சார்ஜர்கள் வேலையைத் தொடங்கும். வெகுநாள் கிடந்த வண்டியில் அது இருக்காது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று பலர் புதிது வாங்குவது இந்த இடத்தில்தான். சிறிய தனி சார்ஜரால் ஒவ்வொரு பேட்டரியையும் கொஞ்ச நேரம் ஏற்றி உயிர் கொடுங்கள். 6 வோல்ட் பேட்டரிக்கு 6 வோல்ட் நிலை உள்ள சார்ஜர், 8 வோல்ட்டுக்கு 8 வோல்ட் நிலை உள்ளதே வேண்டும். 12 வோல்ட் கார் சார்ஜரை ஒற்றை 8 வோல்ட் பேட்டரியில் மாட்டக் கூடாது.

டிஎஸ் 48 வோல்ட் வண்டியில் இன்னொரு ஆள் உண்டு: ஆன்போர்டு கம்ப்யூட்டர் என்ற சிறு பெட்டி. சார்ஜர் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். சார்ஜர் ஒயர் சொருகியிருக்கும்போது வண்டி நகராமல் தடுப்பதும் அதுவே. பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் சில சமயம் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் சார்ஜரை விட இந்தப் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முழுதாக சார்ஜ் ஆனபின் ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மல்டிமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். நல்ல 8 வோல்ட் பேட்டரி 8.4க்கு மேல் காட்டும். ஆறும் சேர்ந்து 50.9 வோல்ட் பக்கம் வரும். 8.1க்குக் கீழே காட்டுவது பாதி கூட இல்லை. ஆனால் ஓய்வில் காட்டும் வோல்ட் ஏமாற்றும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பொய் சொல்லாது: நிறைந்த செல்லில் ஆசிட்டின் அடர்த்தி 1.275 பக்கம், பாதியில் 1.17 பக்கம். ஒரே பேட்டரியின் செல்களுக்குள் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது முடிந்த கதை.

இவை எல்லாம் தொடர் இணைப்பில் இருப்பதால், இரட்டை மாட்டில் ஒன்று நொண்டினால் வண்டியே நொண்டுவதுபோல, ஒரு பேட்டரி சரிந்தால் மொத்தமும் சரியும். அதற்காக ஐந்து பழசோடு ஒரு புதுசைச் சேர்ப்பதும் வீண். பழசு ஐந்தும் சேர்ந்து புதுசையும் தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். ஓர் ஆண்டுக்குள் உள்ள தொகுப்பில் மட்டும் ஒன்றை மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

5. முதலில் நிற்கட்டும்

ஓடாத வண்டியில் பிரேக் வேலை செய்வது எவ்வளவு வசதி என்று செய்து பார்த்தால்தான் தெரியும். அவசரம் இல்லை, ஓட்டிப் பார்க்கும் ஆசையும் இல்லை. பழைய கார்ட்டுகளில் பெரும்பாலும் பின் சக்கரத்தில் மட்டும் டிரம் பிரேக், கேபிளால் இழுக்கும் வகை. பனியும் மழையும் கண்ட கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். பெடலை மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. அப்படி இழுத்துக்கொண்டே ஓடும் வண்டியில் எவ்வளவு நல்ல பேட்டரியும் சீக்கிரம் காலியாகும்.

முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின் அச்சை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியபின் டிரம்மை எடுக்க வேண்டும். இ-இசட்-கோவில் காட்டர் பின் போட்ட அச்சு நட் இருக்கும். டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக் கவசம் போட்டு, பிரேக் கிளீனரை நனைய அடித்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஷூவில் மெல்லிய தோல் அளவுதான் மிச்சம் என்றாலும், எண்ணெய் ஊறியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறியிருந்தால் அச்சு சீலும் போயிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் புது ஷூ போடுவது பணத்தைக் கரைப்பது. கேபிள் இரண்டையும், ஸ்பிரிங்குகளையும் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். மொத்தச் செலவில் இது சிறு தொகை.

சேர்த்து மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி, இரண்டு பேர் சேர்ந்து தள்ளுங்கள். சக்கரம் சுற்றக் கூடாது. பிரேக்கை விட்டால் ஒரு பிள்ளை தள்ளினாலும் வண்டி நகர வேண்டும்.

ஸ்டீயரிங்கில் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின் புஷ் தேய்ந்திருந்தால் கையில் தெரியும். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு முனை. லீஃப் ஸ்பிரிங்கின் புஷ்கள் மலிவு. காய்ந்து நொறுங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாம். கிரீஸ் நிப்பிள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை அடியுங்கள். பின் அச்சில் ஆயில் மட்டம் பார்க்க ஒரு திருகாணி உண்டு. அதைக் கழற்றினால் துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். டயர் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். பழைய கார்ட்டுகளில் வழக்கமான அளவு 18x8.50-8.

6. சாவி முதல் சக்கரம் வரை

கோல்ஃப் கார்ட் மின்சாரம் பார்க்கச் சிக்கலாகத் தெரியும். ஆனால் அது ஒரே நேர்வழி. சாவி, பெடலுக்குக் கீழே உள்ள சிறு சுவிட்ச், முன்/பின் சுவிட்ச் இவை மூன்றும் அனுமதி கொடுத்தால் சொலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் "டக்" என்று மூடும். அதன் வழியாக பேட்டரி மின்சாரம் கன்ட்ரோலருக்குப் போகும். பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பார்த்து, கன்ட்ரோலர் மோட்டாருக்கு அளந்து விடும். அதனால் முதல் கேள்வி ஒன்றுதான்: பெடலை மிதித்தால் டக் சத்தம் கேட்கிறதா?

பின் சக்கரங்களை மறுபடி ஸ்டாண்டு மேல் ஏற்றி, உயிர் வந்த பழைய பேட்டரிகளை மாட்டிச் சோதியுங்கள். தூக்கிய சக்கரத்துக்கு அதிக மின்சாரம் தேவைப்படாது என்பதால் அரை உயிர் பேட்டரியே போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் பல சீரிஸ் மோட்டார் வகை. சுமை இல்லாமல் முழு வோல்ட் கொடுத்தால் அதன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, உள்ளே சிதறிப் போகலாம். பெடலை மெல்லத் தொட்டு, சக்கரம் சுற்றுகிறது என்று தெரிந்ததும் விட்டுவிடுங்கள்.

சத்தம் இல்லையென்றால் கோளாறு சிறு ஒயர்களின் பக்கம். சொலினாய்டின் இரண்டு சிறு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ஒருவர் பெடலை மிதிக்கட்டும். முழு வோல்ட் வந்தும் டக் இல்லையென்றால் சொலினாய்டு செத்தது. வோல்ட்டே வரவில்லையென்றால் சாவியிலிருந்து ஒவ்வொரு சுவிட்சாகப் பின்தொடருங்கள். பெடல் பெட்டிக்குள் உள்ள சிறு சுவிட்ச்தான் அடிக்கடி மாட்டும் திருடன். ஈரத்தில் பச்சை பிடித்துக் கிடக்கும்.

சத்தம் வந்தும் சக்கரம் சுற்றவில்லையென்றால் கோளாறு தடித்த கேபிள்களின் பக்கம். பெடல் மிதிபடும்போது சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு இடையே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். வோல்ட் காட்டினால், டக் என்று மூடினாலும் உள்ளே முனைகள் கருகிவிட்டன. சொலினாய்டு மாற்றும்போது அதன் பெரிய முனைகளுக்குக் குறுக்கே இருக்கும் ரெசிஸ்டரையும், சிறு முனைகளில் உள்ள டயோடையும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள், டயோடின் திசை மாறாமல். ரெசிஸ்டர் கன்ட்ரோலரை முன்கூட்டியே மெல்ல நிரப்பி வைக்கிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மூடும்போதும் பொறி பறந்து, புது சொலினாய்டும் சீக்கிரம் கருகும்.

சொலினாய்டு நல்லது என்றால் அடுத்து கன்ட்ரோலர். சீரிஸ் வண்டிகளில் அதன் பி பிளஸ், எம் மைனஸ் முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்து, பெடலை மெல்ல அழுத்துங்கள். வோல்ட் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற வேண்டும். இங்கே ஏறியும் மோட்டார் சும்மா இருந்தால் மோட்டாரையோ, முன்/பின் சுவிட்சையோ பாருங்கள். ஏறவே இல்லையென்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் பெடலின் சென்சாரைச் சோதியுங்கள். அதன் அளவு குதிக்காமல், விட்டுப் போகாமல் சீராக மாற வேண்டும். கன்ட்ரோலரை விடச் சென்சார் மலிவு என்பதோடு, கெடுவதும் அதுதான் அதிகம்.

பழைய வண்டிகளில் இருக்கைக்குக் கீழே கைப்பிடியோடு வரும் முன்/பின் சுவிட்சில் மின்சாரம் முழுவதும் அதன் செம்பு முனைகள் வழியாகவே போகும். உருகி வழிந்த பிளாஸ்டிக் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது சில வாரத் தீர்வு.

மோட்டாரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கேபிள்களைக் கழற்றி, மோட்டாரில் குறித்திருக்கும் முனைகளில் ஏ1-ஏ2 இடையே தொடர்பு இருக்கிறதா, எஸ்1-எஸ்2 இடையே இருக்கிறதா என்று பாருங்கள். எந்த முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரஷ் தேய்ந்திருந்தாலோ பேரிங் கரகரத்தாலோ அதே பயணத்தில் முடித்துவிடலாம்.

பிறகு கேபிள். பழைய வண்டிகளில் 6 கேஜ் போட்டிருப்பார்கள், சுமார் 13 சதுர மில்லிமீட்டர். நான்கு பேரோடு மேடேறும்போது அது சூடாகும். 4 கேஜுக்கு, அதாவது 21 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றுவது இந்த முழு வேலையிலும் செலவுக்கு ஏற்ற பலன் தரும் மாற்றம் என்பேன். முனைகளை அழுத்திப் பொருத்தும் கருவி இல்லாவிட்டால், முனை பொருத்தியே வரும் கேபிள் செட் வாங்குங்கள். சுத்தியலால் அடித்துப் பொருத்திய முனை வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே தளர்ந்திருக்கும், ஒரு நாள் ஈயத் தூணையே உருக்கும்.

7. புதிய பேட்டரி: ஈயமா, லித்தியமா

மேலே சொன்ன எல்லாம் தேறிய பிறகே இங்கே வரவேண்டும். 8 வோல்ட், 170 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு என்றால் 48 வோல்ட்டுக்கு சுமார் 8.2 கிலோவாட்-மணி. ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆக உண்மையில் கையில் இருப்பது 4 கிலோவாட்-மணி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட், 105 ஆம்பியர்-மணி தொகுப்பு 5.4 கிலோவாட்-மணி, அதில் பெரும்பகுதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எண் குறைவாகத் தெரிந்தாலும் ஓடும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையில்தான் பெரிய வித்தியாசம். ஈயம் ஆறும் சேர்ந்து 170 கிலோ பக்கம். லித்தியம் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது.

வாரக் கடைசியில் மட்டும் ஓட்டி, மாதம் ஒரு தடவை தண்ணீர் பார்க்கப் பொறுமை இருப்பவருக்கு ஈயம் போதும். மாதக்கணக்கில் வண்டியை மறந்துவிடும் குடும்பத்துக்கு லித்தியமே நல்லது. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகை என்பது என் அபிப்ராயம்.

லித்தியம் என்றால் பேட்டரி மட்டும் மாற்றினால் போதாது. பழைய சார்ஜர் ஆகாது. டிஎஸ்ஸில் ஆன்போர்டு கம்ப்யூட்டரைச் சுற்றி ஒயரை மாற்றிவிட வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் மின்சுற்று தாங்கும் ஆம்பியர், கன்ட்ரோலர் இழுக்கும் உச்ச ஆம்பியரை விட அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மேட்டில் நடுவழியில் வண்டி சட்டென்று அணையும். பழைய சார்ஜ் மீட்டர் வோல்ட்டை வைத்துக் கணக்கிடுவது. லித்தியத்தின் வோல்ட் கடைசி வரை பெரிதாக இறங்காததால் முக்கால்வாசி தீர்ந்தும் அது நிறைந்ததாகவே காட்டும். உறைபனிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் வடக்கு மாநிலங்களில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

8. உடலும் இருக்கையும்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பிளாஸ்டிக் உடலுக்கு முதலில் பிடிப்பு தரும் பிரைமர், பிறகு வளைந்து கொடுக்கும் வகைப் பெயின்ட். இருக்கை உறையைக் கழற்றினால் உள்ளே மரப்பலகை உளுத்திருக்கும். வெளிப்புற பிளைவுட்டில் வெட்டி, படகு இருக்கைக்கு வரும் வினைலைத் துருப்பிடிக்காத ஸ்டேபிளால் அடியுங்கள். விளக்கு, ஹார்ன், பாட்டுக்கு 12 வோல்ட் வேண்டுமென்றால், மொத்தத் தொகுப்பின் வோல்ட்டை 12ஆகக் குறைக்கும் டிசி கன்வெர்ட்டர் வாங்குங்கள். தொகுப்பில் ஓரிரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்தால், அவை மற்றவற்றை விட முன்னால் தீர்ந்து, முன்னால் சாகும்.

9. பிள்ளைகள் ஏறும் முன்

கோல்ஃப் கார்ட்டுக்குக் கதவு இல்லை, பெரும்பாலும் பெல்ட்டும் இல்லை. இடது பக்கம் வேகமாகத் திரும்பினால் முன்னால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் வெளியே போவார். பின்னோக்கிப் பார்த்த இருக்கையில் கதை தலைகீழ்: வண்டி சட்டென்று கிளம்பினாலே உட்கார்ந்திருப்பவர் சாலையில் விழுவார். அந்த இருக்கை வைப்பதென்றால் கைப்பிடிக் கம்பி, கால் தாங்கும் பலகை, பெல்ட் மூன்றும் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் உடலில் திருகியது எதுவும் கணக்கில் வராது. கால் தரையை எட்டாமல், கம்பியைத் தானே பிடிக்கத் தெரியாத குழந்தைக்கு இந்த வண்டியில் இடமில்லை. மடியில் வைத்துக்கொள்வதும் தீர்வில்லை.

வண்டியை உயர்த்தும் கிட், பெரிய டயர், வேகம் கூட்டும் மோட்டார் மூன்றும் கடைகளில் கண்ணைப் பறிக்கும். பிரேக் பின்னால் மட்டும் உள்ள வண்டியை உயரமாக்கி வேகமும் கூட்டினால் அது கவிழ வழி தேடும். 24 கிலோமீட்டர் வேகம் குடும்ப உலாவுக்குத் தாராளம்.

சாலை விதி ஊருக்கு ஊர் மாறும். மணிக்கு 20 முதல் 25 மைல் வேகம் போகும் வண்டி, கூட்டரசு விதிப்படி வேறொரு வகையில் சேரும். அதற்கு விளக்கு, கண்ணாடி, இருக்கை பெல்ட், வாகன அடையாள எண் எல்லாம் வேண்டும். பீச்ட்ரீ சிட்டியில் கார்ட்டை நகராட்சியில் பதிவு செய்தே ஆக வேண்டும். யார் ஓட்டலாம் என்ற வயது விதியை உங்கள் ஊர் இணையதளத்தில் படித்துவிடுங்கள். வீட்டுக் காப்பீடு, உங்கள் வளாகத்துக்கு வெளியே கார்ட்டால் நடப்பதற்குப் பொறுப்பேற்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

10. ஓட்டத் தொடங்கிய பின்

முதல் ஓட்டம் சமதரையில், தனி ஆளாக, வீட்டுக்கு அருகில். திரும்பி வந்ததும் சாவியை அணைத்து, இருக்கையைத் தூக்கி, புறங்கையை ஒவ்வொரு கேபிள் முனைக்கும் அருகே கொண்டுபோங்கள். எது சுடுகிறதோ அந்த முனை தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. சுத்தம் செய்து, பேட்டரி நிறுவனம் சொல்லும் முறுக்கு விசைக்கு இறுக்குங்கள். ஈயம் மென்மையானது, அதற்கு மேல் முறுக்கினால் தூணே கழன்று வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை இறுக்கம் பாருங்கள்.

ஈய பேட்டரி என்றால் எவ்வளவு சிறிய ஓட்டமானாலும் வந்தவுடன் சார்ஜில் போடுங்கள். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தகட்டில் சல்பேட் இறுகும். மாதம் ஒருமுறை, சார்ஜ் முடிந்த பிறகு, மூடிக்குள் இறங்கும் குழாயின் அடி விளிம்புக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே வரை டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பதானால் முழுதாக சார்ஜ் செய்து நிறுத்துங்கள். நிறைந்த பேட்டரி உறையாது. தீர்ந்த பேட்டரியின் உள்ளே பெரும்பாலும் தண்ணீர்தான் மிஞ்சும், அது உறைந்து பெட்டியையே பிளக்கும்.

கழற்றிய பழைய பேட்டரிகளைக் குப்பையில் போடாதீர்கள். புதிது வாங்கும் கடையிலேயே ஆறையும் ஒப்படைத்தால், பில்லில் ஒவ்வொரு பேட்டரிக்கும் சேர்த்திருக்கும் பழைய பேட்டரி வைப்புத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். ஆறுக்கும் சேர்த்துப் பார்த்தால் பிரேக் ஷூ வாங்கிய காசில் ஒரு பகுதியாவது திரும்பி வரும்.